நிலமா, நிலுவையா? தமிழ்நாட்டுப் பொருளியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். யாங்கோனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் தன்லினில் இருந்து எழுதுகிறேன். பழைய புத்தகங்களில் இந்த ஊருக்குச் சிரியம் என்று பெயர். பர்மாவில் நகரத்தார், அதாவது செட்டியார்கள், நடத்திய வட்டிக்கடைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய நெறியாளர் தேடி இரண்டரை வருடத்தில் 31 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ஆறு பேர் வரலாற்றுத் துறை, மற்றவர்கள் எல்லோரும் உங்கள் துறை. முகவரி செத்துப்போய்த் திரும்பி வந்த பதினொன்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பதில் எழுதியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேர் முடியாது என்று எழுதினார்கள். அந்த ஏழு பேருக்கும் என் நன்றி, மனதாரச் சொல்கிறேன். முடியாது என்று தெரிந்தால் அடுத்த வாசலுக்குப் போகலாம். மீதி 22 அஞ்சல்களும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. உங்களுக்கும் எங்களுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் பத்து மணிக்கு நான் அஞ்சலைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், அங்கே இப்போதுதான் ஒன்பது, இன்னும் துறைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அனுப்பிய பத்துப் பன்னிரண்டு கடிதங்களுக்கு நானாக இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன். ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறும். ஓர் அம்மாவுக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று போய்விட்டது. தலைப்பு ‘பர்மியப் பொருளாதாரத்தில் நகரத்தாரின் பங்கு’. பதில் எழுதிய ஒருவர், “இது தலைப்பு இல்லை அம்மா, நூலகத்தில் ஒரு அலமாரி. அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுங்கள், அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுங்கள்” என்று இரண்டே வரி எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்த முதல் வழிகாட்டல் அந்த இரண்டு வரிதான். ஆனால் அது உருப்படியான வழிகாட்டல். அப்புறம்தான் வீட்டில் இருந்த பெட்டியைத் திறந்தேன்.

அந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கொள்ளுத்தாத்தா பியாப்போனில் ஒரு செட்டியார் கடையில் சமையற்காரர். கடை என்றால் உப்புப் புளி விற்கும் கடை இல்லை, வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஊரிலிருந்து வந்த ஆட்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, தவணை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது கடை ஆட்கள் கிளம்பினார்கள். கிளம்பும்போது மூன்று பேரேடுகளைக் கொள்ளுத்தாத்தாவிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம். யாரும் வரவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சாக்கில் சுற்றிப் பெட்டியில் போட்டு, வேப்பிலை வைத்து, சாகும்வரை பாதுகாத்தார். நம்பிக் கொடுத்த பொருள் என்ற ஒரே காரணம். மூன்றில் ஒன்று 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் நனைந்து கூழாகிவிட்டது. இரண்டு இருக்கின்றன.

அதில் ஒன்று சுக்கில வருடத்தில் தொடங்கி ஸ்ரீமுக வருடத்தில் முடிகிறது. ஆங்கிலக் கணக்கில் 1929 ஏப்ரல் முதல் 1934 ஏப்ரல் வரை. உங்களுக்கு அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகமெல்லாம் விலை சரிந்த காலம், கீழ்ப் பர்மாவில் நெல் விலை பாதியாக விழுந்த காலம்.

பேரேட்டில் சிவப்புத் துணி அட்டை, பழுப்பேறிய தடித்த தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள். ரூபாய்க்கு 16 அணா என்பதால் வீசம், அதாவது பதினாறில் ஒன்று, போட்டிருந்தால் ஓர் அணா என்று கொள்ள வேண்டும். மவுங், கோ, மா என்று தொடங்கும் பர்மியப் பெயர்களைக் காரைக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் தன் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருக்கிறார். ஒரே விவசாயியின் பெயர் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக வரும். அவர் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடிக்க அடமானம் வைத்த ஏக்கர் கணக்கையும் கிராமத்தின் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையை எந்த மென்பொருளும் எனக்குச் செய்து தரவில்லை. எங்கள் கோயிலில் மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வயதான வாத்தியார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். 600-க்கும் கொஞ்சம் அதிகமான கடன்களை இப்படிக் கணினியில் ஏற்றி முடித்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும் நேரத்தில் செய்த வேலை என்பதால் ஒன்பது மாதம் ஆனது.

இனி என் கேள்வி. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் கையாண்ட மூலதனம் 75 கோடி ரூபாய் இருக்கலாம் என்று 1929-30 மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6. 1938-இல் அது 25 ஆகிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் 6 எப்படி 25 ஆனது? விலை விழுந்த உடனே நிலத்தைப் பிடுங்கினார்களா, இல்லை ஒரு போகம், இரண்டு போகம் என்று தவணையைத் தள்ளிக்கொண்டே வந்து, வேறு வழியில்லாமல் எடுத்தார்களா? கடன் கொடுத்தவனுக்கு நிலம் வேண்டியதில்லை, காசுதான் வேண்டும். நிலத்தின் விலையும் கூடவே விழுகிறது, எடுத்தால் விற்க ஆளில்லை. இவர்களே ஊரில் மற்றவர்களிடம் தவணை வைப்பாக வாங்கிய பணத்துக்கும் வங்கியில் வாங்கிய கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி வட்டியை முடிவு செய்த ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. அப்படியானால் எந்தக் கடன் நிலமாக மாறியது, எது மாறவில்லை? பெரிய கடனா, பழைய வாடிக்கையா, ஆற்றோர நிலமா? தனித்தனிக் கடனாகப் பிரித்துப் பார்த்தால் ஒழிய இதற்குப் பதில் கிடைக்காது. அரசாங்க அறிக்கைகளில் மாவட்டத்துக்கு மொத்தமாக ஓர் எண்தான் இருக்கிறது. பேரேட்டில் ஒவ்வொரு கடனும் தனி வரி.

எங்கள் நாட்டுக்காரர் ஹ்லா மியிண்ட், ரங்கூன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை வகித்தவர், பிறகு லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியர். சும்மா கிடந்த நிலமும் ஆளும் ஏற்றுமதிக்காக வேலைக்கு வந்த கதையை உலகத்துக்கே பொருந்தும் கோட்பாடாகச் சொன்னவர். உங்கள் பாடத்திட்டத்திலும் வளர்ச்சிப் பொருளியலில் அவர் பெயர் வரும். அந்தக் கதையில் காட்டை வெட்ட, மாடு வாங்க, அறுவடைவரை சாப்பிடக் காசு கொடுத்த கடைகளின் கணக்கு தமிழில் எழுதப்பட்டது. அதைப் படிக்கத் தெரிந்த பொருளியலாளர்கள் உலகத்தில் எங்கே இருப்பார்கள் என்று யோசித்தால், உங்கள் வாசலைத் தவிர வேறு எந்த வாசலுக்கு நான் போவது?

போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யார் பெயரும் எந்த நிறுவனத்தின் பெயரும் சொல்லப்போவதில்லை, எனக்குச் சண்டை தேவையில்லை. பொருளியல் துறையில், இது வரலாறு, அங்கே கேளுங்கள் என்றார்கள். வரலாற்றுத் துறையில், எகனாமெட்ரிக்ஸ் எல்லாம் எங்களுக்கு வராதே, பொருளியலில் கேளுங்கள் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பேராசிரியர் காணொளியில் பேசக் கூப்பிட்டார். அரை மணி நேரப் பேச்சில் இருபது நிமிடம் என் தமிழ் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார். அப்புறம் அத்தோ பற்றி, பர்மா பஜார் பற்றி, அவர் வீட்டுத் தேக்குக் கதவு பற்றி. கடைசியில், “மைக்ரோ ஃபைனான்ஸ் பற்றிச் செய்யலாமே, டேட்டா ரெடியா கிடைக்கும்” என்றார். ஐயா, என் டேட்டா பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், இணைப்பு போய்விட்டது. அதற்கு எங்கள் ஊர் மின்சாரம் பொறுப்பு, அவர் இல்லை.

ஒருவர் மட்டும் முழு மனதாக ஒப்புக்கொண்டார். என் முன்மொழிவை வரி வரியாகத் திருத்தினார். நாலு மாதம் கழித்து அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இல்லையாம், புது மாணவரை எடுக்கக் கூடாதாம். விதி உண்மைதான், நானே படித்துப் பார்த்தேன், 2022 நவம்பரில் வந்த யூஜிசி பிஎச்டி விதிகளில் இருக்கிறது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. படித்து முடிக்கும்வரை கூட இருக்க ஒருவர் வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது, மாணவருக்கு நல்லதுதான்.

ஆனால் அதே விதிகளைப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முடியாது என்ற ஏழு பேரில் நான்கு பேர் சொன்ன காரணம் ‘இடம் இல்லை’. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வழிநடத்தலாம் என்பது கணக்கு. நிரம்பியிருக்கும், சரி. ஆனால் அந்தக் கணக்குக்கு வெளியே ஒவ்வொரு நெறியாளரும் இரண்டு வெளிநாட்டு மாணவர்களைக் கூடுதலாக எடுக்கலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. நான் வெளிநாட்டு மாணவி. தமிழில் எழுதுவதால் பலருக்கு அது மறந்துபோகிறது என்று நினைக்கிறேன். கடவுச்சீட்டு பர்மாவுடையது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அட்டைக்கு அலையும் அலைச்சல் தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆக, உங்கள் எட்டுப் பேரில் ஒருவரின் இடத்தை நான் கேட்கவில்லை. நேரம் இல்லை என்றால் நேரம் இல்லை என்று சொல்லுங்கள். ஆர்வம் இல்லை என்றாலும் சொல்லுங்கள். இடம் இல்லை என்பது மட்டும் எனக்குப் பொருந்தாது.

அதே விதிகள் இணை நெறியாளருக்கும் இடம் கொடுக்கின்றன, வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும். நான் கேட்பது இதுதான். கடனும் வட்டியும் புள்ளியியலும் தெரிந்த ஒருவர் நெறியாளராக இருக்கட்டும். பழைய கணக்குத் தமிழ் தெரிந்த இன்னொருவர் இணையாக இருக்கட்டும், அவர் வரலாற்றுத் துறையாக இருக்கலாம், தமிழ்த் துறையாகவும் இருக்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஒருவரே இரண்டும் தெரிந்தவராக வேண்டும் என்று காத்திருந்தால் நானும் அந்தப் பெட்டியோடு பெட்டியாகிவிடுவேன். இணை நெறியாளர் வேண்டுமானால் நீங்களே கூட்டி வாருங்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். தன்லினில் உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூரில் இருப்பவரையும் சென்னையில் இருப்பவரையும் நான் எப்படிச் சேர்த்து வைப்பது? நீங்கள் ஒரு கருத்தரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள். உங்களுக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு.

இங்கேயே செய்யக் கூடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ரங்கூன் பல்கலைக்கழகம் 1920-இல் தொடங்கியது, 1964-இல் பொருளியலுக்கு என்று தனி நிறுவனமே வைத்தார்கள். நான் படித்தது அந்த மரபில்தான். முதுகலையில் எனக்கு வழிகாட்டிய சயாமாவை (ஆசிரியையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) போல் ஓர் ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் என்ன, நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பேன். 2021 பிப்ரவரிக்குப் பிறகு அவர் வகுப்பெடுப்பதில்லை. அதற்கு மேல் நான் எழுதக் கூடாது. புரிந்துகொள்வீர்கள்.

ஒரே கடையின் பேரேட்டை வைத்து முழு பர்மாவைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்ற ஆட்சேபமும் வந்தது. இந்த மூன்று வரிப் பதிலை எழுதியவர் என் முன்மொழிவை உண்மையிலேயே படித்திருக்கிறார், அதற்காகவே அவரைப் பிடிக்கும். 1,650-இல் ஒன்றைப் பார்த்து 1,650-க்கும் தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அந்தப் பக்கம் மாவட்ட வாரியான வருடாந்திர நிலக் கணக்கு இருக்கிறது. 1937-இல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தபோது பல புள்ளிவிவர வரிசைகள் நடுவில் அறுந்துபோயின, ஆனாலும் இருக்கிறது. இந்தப் பக்கம் பேரேடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. அப்புறம், பேரேடு என் வீட்டில் மட்டும்தானா இருக்கும்? காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் விலைக்கு வருகிறது. எனாமல் கிண்ணத்தைப் பத்திரமாகக் கொண்டுபோன வீட்டில் ஐந்தொகையையா தொலைத்திருப்பார்கள்? அந்த வீட்டுக் கதவைத் தட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். நெறியாளர் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் இது கடல் தாண்டிச் சாதித்தவர்களின் கதை. எங்கள் ஊரில் இது ஏழையின் நிலத்தைத் தின்ற வட்டிக்காரனின் கதை. இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். கிராமத்தில் கடன் கொடுத்த பர்மியரும் சீனரும் அதிக வட்டி வாங்கினார்கள், அவர்களில் பலர் செட்டியார் கடையில் வாங்கித்தான் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உங்கள் ஊரில் ஆறுதலாகப் பேசப்படும். நிலம் போனது போனதுதானே என்பது எங்கள் ஊரின் பதில். நான் கடன் கொடுத்த வீட்டுப் பிள்ளையும் இல்லை, வாங்கிய வீட்டுப் பிள்ளையும் இல்லை. இரண்டு பேருக்கும் மோர் ஊற்றியவரின் கொள்ளுப்பேத்தி.

உங்கள் துறைகளுக்குச் சின்னதாக ஒரு வேண்டுகோள். இணையப் பக்கத்தில் யார் இந்த வருடம் மாணவர் எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை, ஓய்வு பெற்றவர் யார் என்று வருடம் ஒருமுறை மாற்றுங்கள். திரும்பி வந்த பதினொன்றில் ஒன்று காலமாகிவிட்டவருக்குப் போயிருக்கிறது. அவருடைய மகள் எப்படியோ தெரிந்துகொண்டு வேறு முகவரியிலிருந்து எனக்கு எழுதினார், அப்பா இருந்திருந்தால் நிச்சயம் உங்களை எடுத்திருப்பார் என்று. இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

கடைசியாக, பேரேட்டிலிருந்து ஒரு விஷயம். பிரமோதூத வருடம் தை மாதம், அதாவது 1931 ஜனவரி பாதியில் தொடங்கி, கடன்காரர் பெயருக்குப் பக்கத்தில் ‘நி’ என்று ஒற்றை எழுத்து வர ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய பக்கங்களில் அது இல்லை. அந்தத் தையில் பதினொரு பெயர், மாசியில் பத்தொன்பது, அடுத்த வருடம் பாதிப் பேருக்கு மேல். நான் அதை ‘நிலம்’ என்று படித்தேன், கடனுக்கு நிலம் எடுத்தாகிவிட்டது என்று. வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “நிலுவை அம்மா அது, பாக்கி தள்ளி வைத்திருக்கிறான்” என்றார். அவர் சொல்வது சரியென்றால் கடைக்காரர் காத்திருந்தார். நான் சொல்வது சரியென்றால் முதல் அறுவடையிலேயே எடுத்துவிட்டார். என் ஆய்வின் பாதி அந்த ஓர் எழுத்தில் தொங்குகிறது. ஸ்ரீமுக வருடத்துப் பக்கங்களில் அதே ‘நி’க்குக் கீழே சிலருக்கு மட்டும் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது, அது என்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். இடம், விதி, துறை எதுவும் இப்போது பேச வேண்டாம். பார்க்கிறேன், அனுப்பு என்று உங்களில் ஒருவர் சொன்னால் அன்றைக்கே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தன்லினிலிருந்து ஒரு பொருளியல் மாணவி